பன்னிரண்டு குறிப்புகளும் ஒரு பழைய கிதாபும்



சென்ற 2025ஆம் ஆண்டு முழுவதும் நானும் என் கல்லூரித் தோழியர் எண்மரும் சேர்ந்து ஒரு வாசிப்புச் சவாலை மேற்கொண்டோம். மாதத்திற்கு ஒரு குறிப்பு, ஆண்டுக்குப் பன்னிரண்டு குறிப்புகள். குறிப்பு நூலின் பெயரைச் சொல்லாது. எத்தகைய நூல் என்பதை மட்டும் சொல்லும். அதற்குப் பொருந்தும் நூலை அவரவரே தேடிக் கண்டடைய வேண்டும். அல்ஹம்துலில்லாஹ், ஆண்டு முடிய இரண்டு நாள்கள் இருக்கையில் என் பட்டியலின் கடைசிக் கட்டமும் நிரம்பியது. அந்த ஓராண்டு என்னை எங்கெங்கு அழைத்துச் சென்றது என்பதையும், இறுதியில் எந்த வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது என்பதையும் உங்களுடன் பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

வாசிப்புச் சவால்கள் இருவகைப்படும். இத்தனை நூல்கள் படிப்பேன் என்று எண்ணிக்கையை இலக்காக வைப்பது ஒருவகை. குறிப்புகளைக் கொடுத்து வாசகரைப் பழகாத திசைகளுக்கு அனுப்புவது மற்றொரு வகை. ‘புக் ரயட்’ என்ற அமெரிக்க இணைய இதழ் 2015 முதல் ஆண்டுதோறும் இருபத்து நான்கு குறிப்புகள் கொண்ட ‘ரீட் ஹார்டர்’ என்ற சவாலை அறிவித்து வருகிறது. வேலைக்குப் போவோரும் குழந்தை வளர்ப்போருமான எங்களுக்கு இருபத்து நான்கு மிகுதி. ஆகவே தோஹாவில் வாழும் தோழி ஒருவர் பன்னிரண்டு குறிப்புகளைத் தாமே அமைத்துத் தந்தார். மூன்று விதிகளை வகுத்துக்கொண்டோம். எடுத்த நூலை முழுமையாகப் படிக்க வேண்டும். இயன்றவரை நூலகத்திலிருந்தோ பிறரிடமிருந்தோ பெற வேண்டும். படித்து முடித்ததும் பத்து வரிகளில் அதைப் பற்றி எழுதிக் குழுவில் இட வேண்டும்.

குறிப்புகள் இவை. நீங்கள் பிறந்த ஆண்டில் வெளிவந்த நூல். அண்டை மாநில மொழியிலிருந்து வந்த நூல். ஐம்பது பக்கங்களுக்கு உட்பட்ட நூல். தன்வரலாறு. பயண நூல். உங்கள் வீட்டில் உள்ள மிகப் பழைய நூல். நீங்கள் ஒன்றுமே அறியாத துறையைச் சார்ந்த நூல். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் எழுதிய நூல். ஒருவருடன் சேர்ந்து உரக்கப் படிக்கும் நூல். இதுவரை அஞ்சி ஒதுக்கிய நூல். உங்களைவிட இளையவர் தேர்ந்து தரும் நூல். மறுமுறை படிக்கும் நூல்.

சுப்ஹுத் தொழுகைக்கும் காலைச் சமையலுக்கும் இடையிலான அரைமணி நேரத்தை இதற்கென ஒதுக்கினேன். நூல்களுக்காகக் கன்னிமாரா நூலகத்தில் உறுப்பினர் ஆனேன்.

நான் பிறந்தது 1988. அவ்வாண்டில்தான் தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ நூலாக வெளிவந்தது. ஊரின் முதலாளி ஒருவர் ஆங்கிலப் பள்ளிக்கூடம் வருவதை எதிர்த்து நிற்கும் கதை அது. சனவரியில் அதைப் படித்தபோது, எழுத்து என்பது ஒரு சிற்றூரில் யாருடைய கையில் இருக்க வேண்டும் என்பதில் எத்தனை அதிகாரம் அடங்கியிருக்கிறது என்று எண்ணினேன். பிப்ரவரியில் குளச்சல் மு. யூசுபின் மொழிபெயர்ப்பில் வைக்கம் முகம்மது பஷீரின் ‘பால்யகால சகி’. 1944இல் வெளிவந்த அந்தச் சிறிய நாவலில், கணக்கில் மஜீதைவிடக் கெட்டிக்காரியான சுகறா, தந்தை இறந்ததும் படிப்பை விட நேர்கிறது. காதல் கதை என்றே பலரும் அதை நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கோ அந்தப் பெண்பிள்ளையின் நின்றுபோன படிப்புதான் நெஞ்சில் தங்கியது.

மார்ச் ஏறத்தாழ முழுவதும் ரமலான். அதை எதிர்நோக்கியே தோழி அம்மாதத்திற்குச் சிறிய நூலை வைத்திருந்தார். ரொக்கையா சகாவத் ஹுசைனின் ‘சுல்தானாவின் கனவு’ கதையை எடுத்துக்கொண்டேன். ஆண்கள் அந்தப்புரத்தில் இருக்க, பெண்கள் சூரிய வெப்பத்தைக் கருவிகளால் சேகரித்து நாட்டை ஆளும் கற்பனை அது. வங்காளப் பெண்மணி ஆங்கிலத்தில் எழுதிய இக்கதை 1905இல் முதன்முதலாக அச்சேறியது நம் சென்னையில். கமலா சத்தியநாதன் நடத்திய ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ இதழில். ரொக்கையாவின் வீட்டில் பெண்பிள்ளைகள் குர்ஆன் ஓதத் தடையில்லை. வங்க மொழியையும் ஆங்கிலத்தையும் மட்டும் அண்ணன் துணையோடு வீட்டார் அறியாமல் இரவில் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. எதை ஓதலாம், எதைப் படிக்கக்கூடாது என்ற அந்தக் கோடு எனக்கு அறிமுகமான ஒன்றாகவே தோன்றியது.

ஏப்ரலில் மால்கம் எக்ஸ், மே மாதத்தில் இப்னு பதூதா. சிறையில் இருந்தபோது அகராதியை முதல் பக்கத்திலிருந்து கையால் படியெடுத்துச் சொற்களைக் கற்றவர் மால்கம். விளக்கணைத்த பின்னும் தாழ்வாரத்து மங்கலான ஒளியில் படித்துப் படித்துத் தம் கண்பார்வை குன்றியதாகச் சொல்கிறார். இப்னு பதூதாவோ 1325இல் இருபத்தொரு வயதில் தஞ்சாவிலிருந்து புறப்பட்டு, நம் மஃபர்க் கரையையும் கொள்ளைநோய் பரவிய மதுரையையும் கண்டு சென்றவர். இவ்விரு நூல்களையும் அடுத்தடுத்துப் படித்ததில் ஓர் ஒற்றுமை புலப்பட்டது. இரண்டுமே ஒருவர் சொல்ல மற்றொருவர் எழுதியவை. மால்கம் சொல்ல அலெக்ஸ் ஹேலி எழுதினார். 1965இல் மால்கம் கொல்லப்பட்ட பிறகே அந்நூல் வெளிவந்தது. இப்னு பதூதா சொல்ல இப்னு ஜுஸைய் எழுதி 1355இல் முடித்தார். எழுதியவர் அருகில் அமர்ந்திராவிட்டால் அந்த இருவருடைய வாழ்வும் இவ்வடிவில் நமக்குக் கிடைத்திராது. இச்செய்தி அடுத்த மாதமே எனக்குத் தேவைப்படும் என்று அப்போது தெரியாது.

ஜூன் மாதக் குறிப்பு, வீட்டில் உள்ள மிகப் பழைய நூல். சென்னையில் எங்கள் அடுக்ககத்தில் இருப்பவை எல்லாம் என் திருமணத்திற்குப் பின் வாங்கியவை. ஹஜ்ஜுப் பெருநாள் ஜூன் 7இல் வந்தது. பெருநாளுக்குக் கீழக்கரை சென்றிருந்தபோது, வாப்பும்மாவிடம் கேட்டேன். அவர்கள் என் மாமி வீட்டில், அதாவது தம் மகள் வீட்டில் வாழ்கிறார்கள். வயது எண்பத்து நான்கு. மாமி மரப்பெட்டியைத் திறந்து, வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு கிதாபை எடுத்துத் தந்தார். கல்லச்சில் பதித்தது. முன்னட்டையும் பெயர்ப் பக்கமும் இல்லை. பின்பக்கங்களும் சில போய்விட்டன. எஞ்சியவை அறுபத்து நான்கு பக்கங்கள். எழுத்து அரபி, மொழி தமிழ்.

அரபுத்தமிழ் என்றும் அர்வி என்றும் வழங்கும் இவ்வெழுத்து முறையைப் பற்றி இளைய வாசகர்களுக்காகச் சில சொற்கள். தமிழகத்திலும் இலங்கையிலும் வாழ்ந்த நம் முன்னோர் தமிழை அரபி எழுத்தில், வலமிருந்து இடமாக எழுதினர். அரபியில் இல்லாத ப, ட, ள, ழ போன்ற ஒலிகளுக்கு இருக்கும் எழுத்துகளின் மேலும் கீழும் புள்ளிகளைச் சேர்த்துப் புதிய எழுத்துகளை உண்டாக்கினர். எ, ஒ ஆகிய உயிர்களுக்கும் தனிக் குறிகள் செய்தனர். குர்ஆன் ஓதக் கற்ற எந்தப் பெண்ணும் இன்னொரு பள்ளிக்குப் போகாமலேயே தொழுகை, நோன்பு, குளிப்பு பற்றிய சட்டங்களையும் மாலைகளையும் தன் தாய்மொழியில் படிக்க இது வழி செய்தது. கீழக்கரையில் வாழ்ந்து 1898இல் மறைந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் இம்முறையில் பல நூல்களை இயற்றியவர்கள்.

எங்கள் கிதாபும் வணக்க முறைகளைப் பாட்டாகச் சொல்லும் ஒன்று. வாப்பும்மா அதை மடியில் வைத்து, கண்ணுக்கு மிக அருகில் தூக்கிப் பிடித்து, இராகத்தோடு ஓதத் தொடங்கினார்கள். நான்கு வரிகள் போனதும் நிறுத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

“நல்லாப் படிக்கிறீங்களே வாப்பும்மா” என்றேன்.

“எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. ஓதத்தான் தெரியும்” என்றார்கள்.

நம் வீடுகளில் இவ்விரு சொற்களும் எவ்வளவு தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன என்பது உங்களுக்கும் தெரியும். படிப்பு என்றால் பள்ளிக்கூடம், சான்றிதழ், வேலை. ஓதல் என்றால் குர்ஆனும் கிதாபும். வாப்பும்மா தம் பத்து வயதுக்குள் தெருவிலிருந்த ஒரு மூதாட்டியிடம் ஓதக் கற்றவர்கள். எழுத யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. பெண்பிள்ளைக்கு வாசிப்பு போதும், எழுத்து எதற்கு என்பது அக்காலத்து வழக்கம். ஆகவே பத்திரத்திலும் வங்கியிலும் அவர்கள் இன்றளவும் கைநாட்டு வைக்கிறார்கள்.

ஊர் திரும்பிய பின் நம் நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவுக்குக் கொடுத்துள்ள வரையறையைத் தேடிப் பார்த்தேன். ஏழு வயதுக்கு மேற்பட்ட ஒருவர் ஏதேனும் ஒரு மொழியில் புரிந்துகொண்டு படிக்கவும் எழுதவும் கூடியவராயின் எழுத்தறிவு உடையவர். படிக்க மட்டும் தெரிந்து எழுதத் தெரியாதவர் எழுத்தறிவு இல்லாதவர். அதன்படி, எழுபத்தைந்து ஆண்டுகளாகத் தமிழ்ச் செய்யுளைப் பொருள் உணர்ந்து ஓதிவரும் வாப்பும்மா, ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் எழுத்தறிவற்றோர் பக்கத்தில்தான் எண்ணப்பட்டிருப்பார்கள். அவர்களைப் போன்றோர் கடற்கரை ஊர்களில் எத்தனை பேர் வாழ்ந்து மறைந்தார்களோ, அல்லாஹ்வே அறிவான்.

ஜூன் மாதக் கட்டத்தை என்னால் நிரப்ப இயலவில்லை. குர்ஆன் ஓதுவதால் அடிப்படை எழுத்துகள் எனக்குத் தெரியும். ஆனால் காகிதம் பழுத்துப் புள்ளிகள் மங்கியிருந்தன. ஃபே எழுத்தின் கீழுள்ள புள்ளிகள் தெரிந்தால்தான் அது ப என்று அறியலாம். சொற்களுக்கிடையே இடைவெளியும் குறைவு. முழுமையாகப் படிக்க வேண்டும் என்ற விதி இருந்ததால் அந்தக் கட்டத்தைத் திறந்தே வைத்துவிட்டு அடுத்தவற்றுக்குச் சென்றேன். சூலையில் பறவையியலாளர் சாலிம் அலியின் தன்வரலாறு. சிறுவனாகத் தாம் சுட்டு வீழ்த்திய மஞ்சள் தொண்டைச் சிட்டு என்ன இனம் என்று கேட்டுப் போனதில் தொடங்கிய வாழ்வு அவருடையது. ஆகஸ்டில் நாகூர் சித்தி ஜுனைதா பேகத்தின் ‘காதலா கடமையா’. 1938இல் வந்த அந்நாவலுக்கு உ.வே. சாமிநாதையர் மதிப்புரை அளித்திருக்கிறார். பள்ளிப் படிப்பைத் தொடக்க வகுப்புகளிலேயே நிறுத்த நேர்ந்த ஒரு முஸ்லிம் பெண் வீட்டிலிருந்தபடியே எழுதிய நூல் அது.

அந்நூலைப் படித்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் மாமி தொலைபேசியில் அழைத்தார். சர்க்கரை நோயால் வாப்பும்மாவின் விழித்திரை பழுதுபட்டிருப்பதாக மதுரையில் ஒரு கண் மருத்துவர் சொல்லியிருந்தார். லேசர் சிகிச்சையால் பழுது பரவும் வேகத்தைக் குறைக்கலாம்; போன பார்வை திரும்பாது. மாமி இதைச் சொல்லிவிட்டு, “இந்த வருஷத்துக்குள்ள வந்து ஓதிக்கிட்டாத்தான் உண்டும்மா” என்றார். எங்கள் குடும்பத்தில் அந்தக் கிதாபை ஓதத் தெரிந்தவர் வேறு எவரும் இல்லை.

செப்டம்பர் மாதக் குறிப்பு, ஒருவருடன் சேர்ந்து உரக்கப் படிப்பது. இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. மகளுக்குக் காலாண்டு விடுமுறை தொடங்கிய அன்றே இராமநாதபுரத்தில் இறங்கிக் கீழக்கரைக்குப் பேருந்து பிடித்தோம். எட்டு நாள்கள் தங்கினோம். அஸருக்குப் பின் நல்ல வெளிச்சம் விழும் முற்றத்தில் அமர்ந்து வாப்பும்மா ஓத, நான் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதினேன். அரைமணி நேரத்திற்கு மேல் அவர்கள் கண் தாங்காது. ஒரு நாளைக்கு நான்கு பக்கங்கள் முடிந்தால் பெரிது. அரபி எழுத்துக்குள் தொழுகை, நோன்பு, பள்ளிவாசல், வணக்கம் என்று நல்ல தமிழ்ச் சொற்கள் ஒவ்வொன்றாக வெளிவருவதைக் காண்பது தனி மகிழ்ச்சி. பொருள் விளங்காத இடங்களில் கேட்பேன். “அதுவா, எங்க உம்மா சொல்லுவாக” என்று தொடங்கி, கிதாபில் இல்லாத ஐந்து செய்திகளையும் சேர்த்துச் சொல்வார்கள். புறப்படும் நாளில் முப்பது பக்கங்கள் நோட்டில் ஏறியிருந்தன.

மீதிப் பக்கங்களைக் கைபேசியில் படமெடுத்துக்கொண்டு வந்தேன். அக்டோபர், நவம்பர் இரவுகளில் இஷாவுக்குப் பின் தொலைபேசியில் நான் எழுத்துக்கூட்டிப் படிக்க, மறுமுனையில் அவர்கள் கேட்டுச் சொல்வார்கள். முதல் ஓசை கிடைத்தால் போதும். வரியின் மீதி அவர்கள் நாவில் தானே வரும். அதே நாள்களில் அஞ்சி ஒதுக்கிய நூலாகச் சீறாப்புராணத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். மூன்று காண்டங்கள், 5027 விருத்தங்கள். ஒரு மாதத்தில் முடியாது என்று ஆகஸ்டிலேயே தொடங்கி, உரையின் துணையோடு நாள்தோறும் அறுபதுக்குக் குறையாமல் படித்து அக்டோபர் கடைசியில் முடித்தேன். உமறுப் புலவரைப் பாடத் தூண்டிய வள்ளல் சீதக்காதி கீழக்கரைக்காரர். பெருமானார் வாழ்வின் செய்திகளுக்காகப் புலவர் கீழக்கரை சதக்கத்துல்லா அப்பா அவர்களை நாடிச் சென்றார் என்பது வழிவழி வரும் செய்தி. அரபி அறிந்தவர்கள் சொல்ல, தமிழ் அறிந்தவர் கேட்டுப் பாடிய காப்பியம். அதே ஊர் முற்றத்தில் இருந்துகொண்டு ஒரு மூதாட்டி சொல்வதைக் கேட்டு எழுதும் எனக்கு அந்தச் செய்தி பெரிய ஊக்கமாக இருந்தது.

நவம்பரில் என் மகள் தேர்ந்து தந்தது ‘டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’. இரயில் பெட்டிகளையே வகுப்பறைகளாகக் கொண்ட பள்ளி அவளை வெகுவாகக் கவர்ந்துவிட்டது. டிசம்பர் குறிப்பு மறுவாசிப்பு.

அரையாண்டு விடுமுறையில் மீண்டும் கீழக்கரை சென்றோம். இம்முறை வாப்பும்மாவால் எழுத்தைப் பார்க்க முடியவில்லை. ஆளின் உருவம் மட்டுமே தெரிகிறது என்றார்கள். கிதாபை என் கையில் கொடுத்துவிட்டுச் சாய்ந்து அமர்ந்தார்கள். முதல் பக்கத்திலிருந்து நான் ஓதினேன். செப்டம்பரில் எழுதிய பக்கங்களுக்கு அது மறுவாசிப்பு. எஞ்சியவற்றுக்கு முதல் வாசிப்பு. புள்ளி மங்கிய இடங்களில் நான் தயங்கும்போது சொல்லை அவர்களே எடுத்துக் கொடுத்தார்கள். டிசம்பர் 29 மாலை அறுபத்து நான்காம் பக்கத்தின் கடைசி வரிக்கு வந்தோம். வரி பாதியில் நின்றது. அடுத்த தாள் இல்லை.

நான் நிறுத்தினேன். வாப்பும்மா நிறுத்தவில்லை. அதே இராகத்தில், அடுத்த தாளில் இருந்திருக்க வேண்டிய பதினெட்டு வரிகளை நினைவிலிருந்து ஓதி, துஆவோடு முடித்தார்கள். என் மகள் கைபேசியில் பதிவு செய்தாள்; நான் எழுதினேன். அந்தத் தாள் எப்போது போயிற்று என்று கேட்டதற்கு, தமக்குத் திருமணமாகும் முன்பே அது இல்லை என்றார்கள். அவர்களுக்கு ஓதிக்கொடுத்த மூதாட்டி வாய்வழியாகச் சொல்லித் தந்த வரிகள் அவை. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அந்தக் கடைசிப் பக்கம் காகிதத்தில் இல்லாமல் அவர்களிடம் இருந்திருக்கிறது.

அன்றிரவு குழுவில் ஜூன், செப்டம்பர், டிசம்பர் ஆகிய மூன்று கட்டங்களையும் ஒன்றாக நிரப்பினேன். ஒரே நூல் மூன்று குறிப்புகளுக்குச் செல்லுமா என்று ஒரு தோழி கேட்டார். பட்டியல் அமைத்த தோழி, மூன்று முறை படித்திருந்தால் செல்லும் என்று தீர்ப்பளித்தார். அவர் தம் வீட்டில் கண்டெடுத்த மிகப் பழைய நூல் பாட்டியின் கடைக்கணக்கு நோட்டு என்பதால் இரக்கம் காட்டினாரோ என்னவோ!

எனக்கு எப்போதும் பிடித்ததையே படிக்க விட்டிருந்தால், பிறந்த ஆண்டின் நாவலும் பறவைகளும் சீறாவும் என் கைக்கு வந்திரா. அந்த மரப்பெட்டியையும் பெருநாள் தோறும் கடந்தே போயிருப்பேன். பிறர் அமைத்த கேள்வி ஒன்று, என் விருப்பம் கேட்காததைக் கேட்டது. அதுவும் கேட்க நேரம் இருந்தபோதே கேட்டது. நான்கு மாதம் பிந்தியிருந்தால் அவர்கள் கண்ணால் ஓதிய அந்த முப்பது பக்கங்கள் இல்லை.

இப்போது நோட்டில் வலப்பக்கம் அரபுத்தமிழும் இடப்பக்கம் தமிழுமாகச் செம்படி எழுதி வருகிறேன். அறுபத்தைந்தாம் பக்கமாக வாப்பும்மாவின் பதினெட்டு வரிகள் இடம்பெறும். அதன் அடியில் ஓதியவர் பெயராக அவர்கள் பெயர் இருக்கும்.

வாசகர்களே, இவ்வாண்டு நீங்களும் ஒரு பட்டியல் அமைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு முடியாவிட்டால் ஆறு. அதில் வீட்டின் மிகப் பழைய நூல் என்ற ஒன்றை மறவாமல் சேருங்கள். அதை ஓதத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் மற்றக் குறிப்புகள் காத்திருக்கட்டும். முதலில் அவர் அருகில் ஒரு நோட்டுடன் அமருங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள். ஓதும் குரலைப் பதிவு செய்யுங்கள். விளங்காத சொல்லை அப்போதே கேட்டு எழுதுங்கள்.

வாப்பும்மாவின் உடல்நலத்திற்காகவும், அவர்களுக்கு ஓதிக்கொடுத்த அந்தப் பெயர் தெரியாத மூதாட்டியின் மறுமைக்காகவும் துஆ செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். வஸ்ஸலாம்.